பாபின் அண்ணன் போன வழி

மார்ச் 4

மெக்கானிக் அவர்களுக்கு,

நான் உங்கள் வக்கீலுக்காக விசாரணை செய்பவள். இருபது வருடம் போலீசில் இருந்தேன். அங்கே ஆட்களை உள்ளே தள்ளுவதற்காகக் கேள்வி கேட்டேன். இப்போது வெளியே கொண்டுவருவதற்காகக் கேட்கிறேன். கேள்விகள் என்னவோ அதேதான்.

உங்கள் கேஸ் கட்டைப் படித்தேன். போன ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், ஆயத்த ஆடைப் பட்டறையின் பின்கதவின் ஆடிப்போன தாழ்ப்பாளை நெம்பித் திறந்து எவனோ உள்ளே புகுந்து, பீரோவை உடைத்துப் பணத்தையும் சில துணிக்கட்டுகளையும் எடுத்திருக்கிறான். தடுக்க வந்த வாட்ச்மேனைத் தலையில் அடித்திருக்கிறான். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். அந்தத் தாழ்ப்பாள் ஆடுவது உள்ளே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். அதே வாரம் அங்கே தையல் மிஷின்களைப் பழுது பார்த்தவர் நீங்கள். கருவிப்பெட்டியோடு ஒருவன் பின்சந்தில் போனதை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார், முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் தேடினால் ஊரில் உங்களைக் காணோம்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஒரு நல்ல வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார். உங்களைக் கவிழ்த்தது உங்கள் வாய்தான். மாமா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்ததாகப் போலீசிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் போய் விசாரித்தால் மாமா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவருக்குப் பெண் குழந்தையே கிடையாது. பொய் சொல்வதற்கும் ஒரு லட்சணம் வேண்டாமா?

நீங்கள் அந்த ஞாயிறன்று வேறு ஊரில் இருந்தீர்கள் என்று நான் நம்புகிறேன். எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். நம் தரப்புச் சாட்சிகளை ஏப்ரல் நடுவில் விசாரிப்பார்கள். பதிலை உறையில் போட்டு ஒட்டி வக்கீலின் குமாஸ்தாவிடம் கொடுங்கள். சிறையில் யாரும் பிரிக்க மாட்டார்கள். நான் எங்கே இருந்தாலும் எனக்கு வந்து சேரும்.

விசாரணை அம்மாள்

&nbsp;

மார்ச் 9

மேடம்,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. திட்டு வாங்கியே ரொம்ப நாளாகிவிட்டது. இங்கே யாரும் என்னைத் திட்டுவதில்லை. சிறைத் தையல் கூடத்தில் பாதி மிஷின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. வந்த மாதமே எல்லாவற்றையும் ஓட வைத்துவிட்டேன். இப்போது வார்டர்கூட என்னை "பாபின் அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார். நான் போகிற ஊர்களிலெல்லாம் எனக்கு அதுதான் பெயர். பையில் எப்போதும் மிஷினில் நூல் சுற்றிப் போடும் நாலு பாபின் உருண்டுகொண்டிருக்கும், அதனால்.

அந்த வாட்ச்மேனை எனக்குத் தெரியும். நான் மிஷினுக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது டார்ச் அடித்துக் காட்டுவார். தூங்கி விழுந்துகொண்டே காட்டுவார். வெளிச்சம் சுவருக்குப் போய்விடும். வாய்தாவுக்கு அவர் மனைவி வருகிறார். என்னைப் பார்க்கிறார். நான்தான் செய்தேன் என்று நினைக்கிறார்.

நான் அன்று ஊரில் இல்லை, மேடம். சத்தியம். ஆனால் எங்கே இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். எதிர்வீட்டுக்காரரை மடக்குங்கள், அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி வேறு யாருக்குத் தெரியும் என்று பாருங்கள், வேறு எதையாவது செய்யுங்கள். என் பின்னால் மட்டும் வராதீர்கள். நான் போவதெல்லாம் குண்டும் குழியுமான ரோடு. உங்கள் வயதுக்கு இடுப்பு போய்விடும்.

பாபின்

&nbsp;

மார்ச் 17

மெக்கானிக்குக்கு,

என் இடுப்பு நன்றாக இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றி.

"சொல்ல மாட்டேன்" என்று ஒருவர் எழுதினால், சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் தெருமுனையில் பஞ்சர் ஒட்டுபவரிடம்தான் முதலில் போனேன். ஊரை விட்டுக் கிளம்புகிறவன் காற்று அடிக்காமல் கிளம்ப மாட்டான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "சனிக்கிழமை காலையில மொபெட்டைக் கொண்டுவந்தாரும்மா. பின் டயருக்கு நல்லா அடி, ரெண்டு பேர் பாரம், மலை ஏறணும்னார்."

மலைக்குப் போவது ஒரே ரோடு. நான் பஸ்ஸில் போனேன். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் ஒரு சின்ன ஊர், அதில் ஒரே லாட்ஜ். உங்கள் படத்தைக் காட்டியதும் லாட்ஜ்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம பாபின் அண்ணன்! வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவார். மாடிப்படிக்குக் கீழ இருக்கிற ரூம்தான் எப்பவும். அன்னைக்கு மட்டும் ரெண்டு ரூம் கேட்டார். கூட ஒரு பொண்ணு. தங்கச்சின்னு சொன்னார்."

"நீங்க நம்பினீங்களா?"

"எப்படிம்மா நம்புறது? 'நீங்க சாப்பிடுங்க', 'இல்ல, நீங்க சாப்பிடுங்க'ன்னு அவ்வளவு மரியாதை. எந்த வீட்டுல அண்ணன் தங்கச்சி அப்படிப் பேசிக்கிறாங்க? என் தங்கச்சி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே அன்னைக்கு மழை வரும்."

"தப்பா நினைச்சீங்களா?"

"ஐயையோ! ரெண்டு ரூமுக்கும் நடுவுல நாற்காலியைப் போட்டு வராந்தாவுலயே உக்காந்திருந்தார் அண்ணன். காவல் காக்கிற மாதிரி. தப்பு பண்றவன் நாற்காலியிலயா உக்காருவான்?"

மறுநாள் காலை நீங்கள் இருவரும் ஆற்றுப் பக்கம் போனதாகச் சொல்கிறார். அந்த மறுநாள்தான் நமக்கு வேண்டிய ஞாயிறா என்பது அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே நானும் ஆற்றுப் பக்கம் போகிறேன்.

யார் அந்தப் பெண்?

வி. அம்மாள்

&nbsp;

மார்ச் 22

மேடம்,

திரும்பி வந்துவிடுங்கள்.

நல்லவிதமாகக் கேட்டேன், நீங்கள் கேட்கவில்லை. வக்கீலிடம் சொல்லிவிட்டேன்: இந்த விசாரணை வேண்டாம், நிறுத்துங்கள் என்று. கேஸ் என்னுடையது. தண்டனை வந்தால் அதுவும் என்னுடையது. அதில் தலையிட உங்களுக்கு என்ன இருக்கிறது?

லாட்ஜ்காரர் நல்ல மனிதர், ஆனால் ஓட்டைப் பானை. நீங்கள் கேட்டதையெல்லாம் அடுத்து வருகிறவனிடமும் சொல்வார். அடுத்து ஒருவன் வருவான், மேடம். நீங்கள் போன தடத்திலேயே வருவான். அது உங்களுக்குப் புரியவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் ஏதாவது நினைத்திருந்தால் அது தவறு. அவ்வளவுதான் சொல்வேன்.

இனிமேல் எழுத மாட்டேன்.

&nbsp;

மார்ச் 28

தம்பி,

இனி "நீங்கள்" கிடையாது. கோபம் வந்தால்தான் எனக்கு ஒருவர் மேல் உரிமை வருகிறது. நீயும் இந்த மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்றே எழுது. எழுத மாட்டேன் என்று சொன்னவன் நிச்சயம் எழுதுவான்.

ஆற்றங்கரைக்குப் போனேன். படகுக்காரர் வலையில்லாமலே மீன் பிடிக்கிற ஆள், பேச்சிலேயே இழுத்துவிடுகிறார். உன் படத்தைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இவரா! ஞாயித்துக்கிழமை விடியும்போதே வந்தாங்க. ஆத்துல வெள்ளம். ஆபீசர் வந்து படகைப் பூட்டிட்டுப் போயிட்டார். பகல் பூரா இந்தக் கொட்டகையிலதான் ரெண்டு பேரும். மறுநாள்தான் அக்கரையில விட்டேன்."

"எந்த ஞாயிறுன்னு உறுதியா?"

"போன வருஷம் படகைப் பூட்டினது அந்த ஒரே நாள்தாம்மா. கரையில யாரை வேணும்னாலும் கேளுங்க. எனக்கு ஒரு நாள் வருமானம் போச்சு, மறப்பேனா?"

"அந்தப் பொண்ணு எப்படி இருந்தாங்க?"

"மடியில துணி சுத்தின ஒரு மூட்டை. கைக்குழந்தைன்னு நினைச்சேன். இறக்கி வைக்கவே இல்ல. 'குழந்தைக்கு மூச்சு முட்டும், கொஞ்சம் விலக்கி விடும்மா'ன்னு சொன்னேன். விலக்கிக் காட்டுது, பார்த்தா தையல் மிஷினோட தலை! எனக்கு வந்த சிரிப்பு இருக்கே. அந்தப் பொண்ணும் சிரிச்சுது. உங்க ஆள் மட்டும் சிரிக்கல."

மேஜையையும் பெடலையும் விட்டுவிட்டுத் தலையை மட்டும் கழற்றி எடுத்துப் போகிறவள் ஊர் சுற்றக் கிளம்பியவள் அல்ல, பிழைக்கக் கிளம்பியவள். பழைய ஸ்டேஷன் சிநேகிதர் ஒருவரைக் கேட்டேன். அதே சனிக்கிழமையிலிருந்து மனைவியைக் காணோம் என்று உன் ஊர் மர டிப்போக்காரன் புகார் கொடுத்திருக்கிறான். அவள் வீட்டில் தையல் வேலை செய்தவள். அந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்களாம்: "சத்தம் கேக்கும். நாங்க போறதில்ல."

தம்பி, நான் இதை இன்னும் வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு நேர்தான். லாட்ஜ்காரரும் படகுக்காரரும் சாட்சி சொல்ல வருவார்கள். அரசு வக்கீல் எழுந்து, "கூட இருந்த பெண் யார்?" என்பார். அப்போது நீ வாயை மூடிக்கொண்டால், கூலிக்கு வந்த சாட்சிகள் என்று சொல்லி இரண்டு பேரையும் துரத்திவிடுவார். அவள் வந்தால்தான் நீ வெளியே வருவாய்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எழுதிவிட்டேன். நீங்கள் ஜெயித்தீர்கள்.

அந்த அம்மாவின் மிஷினை நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். மிஷின் தானாகக் கெடாது, அக்கா. ஊசி முறியும், பெல்ட் தேயும், அவ்வளவுதான். அந்த வீட்டு மிஷின் மட்டும் ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்த மாதிரி கெட்டிருக்கும். கடைசித் தடவை அவர் கையும் அப்படித்தான் இருந்தது. இடது மணிக்கட்டில் கட்டு. ஒற்றைக் கையால் துணியை நகர்த்திக்கொண்டு, முழங்கையால் அழுத்திக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலையை முடித்துவிட்டு, "இனி ஓடும்மா" என்றேன். அவர் மிஷினைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதைச் சரி பண்ணிடுறீங்க. அப்புறம்?"

அந்த "அப்புறம்" எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை நானே போய்க் கேட்டேன், எங்காவது போகணுமா என்று. "ஆத்துக்கு அக்கரையில விட்டுடுங்க. எங்க இருக்கேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க, அது போதும்" என்றார். வாக்குக் கொடுத்தேன். மறுநாள் அவன் மரம் வாங்கப் போன நேரம் பார்த்துக் கிளம்பினோம்.

திரும்பி வந்த அன்றே என்னைப் பிடித்துவிட்டார்கள். ஸ்டேஷனில் வாயைத் திறக்கும்போது பார்க்கிறேன், புகார் கொடுக்க வந்த டிப்போக்காரன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வாயில் வந்தது மாமா மகள் கல்யாணம்தான். அவனுக்கு என் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு வாய்தா தவறாமல் வருகிறான். கோர்ட்டில் கடைசி பெஞ்ச். வாட்ச்மேனுக்காக வரவில்லை, நான் எந்த ஊர் பெயரைச் சொல்வேன் என்று கேட்க வருகிறான். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அக்கா. நான் அந்தக் கூண்டில் நின்று உண்மையைச் சொன்னால், அதே சாயங்காலம் அவன் படகில் ஏறிவிடுவான்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மிஷின்கள் இருக்கின்றன. சோறு போடுகிறார்கள். அவரைத் தேடாதீர்கள். உங்களை அக்கா என்று கூப்பிட்டுக் கேட்கிறேன்.

பாபின்

&nbsp;

ஏப்ரல் 10

தம்பி,

தேடினேன். கிடைத்துவிட்டாள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

அக்கரையில் இறங்கி இரண்டு ஊர் தள்ளிப் போனேன். ஒளிந்திருப்பவளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். தேவையே இருக்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே தையல் கடை. பெயர்ப்பலகையில் பச்சை எழுத்தில் அவள் சொந்தப் பெயர். ஆள் உயரத்துக்கு. உள்ளே மூன்று மிஷின்கள், வேலைக்கு இரண்டு பெண்கள், சுவர் முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடை. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவளைப் போல உட்கார்ந்தேன். கடையில் கூட்டம் குறைந்ததும் உன் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"அட, பாபின் அண்ணன்! மாசாமாசம் வந்து எண்ணெய் விடுறேன்னு சொல்லிட்டுப் போனவர். ஆளையே காணோம். பெரிய மனுஷன்!" என்றாள்.

"பத்து மாசமா ஜெயில்ல இருக்கார்" என்றேன்.

நான் சொல்லச் சொல்ல அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவே இல்லை. கடைசி பெஞ்ச் வரைக்கும் சொல்லி முடித்தேன். அழுவாள் என்று நினைத்தேன். தம்பி, அவளுக்கு வந்தது கோபம். உன் மேல்.

"யாரைக் கேட்டு இப்படிப் பண்ணார்? சொல்லாதீங்கன்னேன், சரி. அது அன்னைக்கு. கை உடைஞ்சு, தப்பிச்சா போதும்னு இருந்தப்ப சொன்னது. உயிர் போனாலும் சொல்லாதீங்கன்னா சொன்னேன்? ஒரு கடுதாசி போட்டிருந்தா வந்திருப்பேனே! பத்து மாசம் என்னை மறைச்சு வைக்கிறதுக்கு நான் என்ன திருட்டுச் சாமானா?"

"உங்க புருஷன் கோர்ட்டுல இருப்பார்ம்மா" என்றேன். சொல்ல வேண்டியது என் கடமை.

அவள் பெயர்ப்பலகைப் பக்கம் கையைக் காட்டினாள். "அதை எழுதுறப்பவே முடிவு பண்ணிட்டேன், அக்கா. வந்தா வரட்டும்னு. பயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பயத்தை வெச்சுக்கிட்டே தைக்கப் பழகிட்டேன்."

பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். பள்ளிக்கூடத்துக்குத் திங்கட்கிழமை சீருடை கொடுத்தாக வேண்டும். கொடுத்த வாக்குத் தவறினால் அடுத்த வருடம் வேலை வராது. அவள் கோர்ட்டுக்கு வரும் நாட்களில் கடையை யார் பார்ப்பது? ஆக, அரசாங்கத்துக்கு இருபது வருடம் உழைத்த நான் இப்போது பட்டன் தைக்கிறேன். முதல் நாள் பட்டன் துளைக்கு நான் எடுத்த காஜாவைப் பார்த்து அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்கு விக்கலே வந்துவிட்டது.

வக்கீலிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை அவள் வருகிறாள். லாட்ஜ்காரரும் படகுக்காரரும் கூடவே வருகிறார்கள், தனியாக விட மாட்டார்கள். நான் கோர்ட்டில் இருக்க முடியாது. என்ன நடந்தாலும் ஒன்று விடாமல் எழுது.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

இதை என் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், மூட மனமில்லை. நேற்று முன்தினம் தீர்ப்பு. விடுதலை. ஆனால் நீங்கள் கேட்டது அந்த வியாழக்கிழமையைப் பற்றி. அதை எழுதுகிறேன்.

கூண்டில் நான் நிற்கிறேன். கடைசி பெஞ்சில் அவன். முன் பெஞ்சில் வாட்ச்மேன் மனைவி. முதலில் லாட்ஜ்காரர், பிறகு படகுக்காரர். இரண்டு பேரும் நன்றாகவே சொன்னார்கள். அரசு வக்கீல் நீங்கள் எழுதிய அதே கேள்வியை அதே வார்த்தையில் கேட்டார். "கூட இருந்த பெண் யார்?" நம் வக்கீல் எழுந்து, "அடுத்த சாட்சி, ஐயா" என்றார்.

கதவு திறந்தது. நான் பார்க்கவில்லை, அக்கா, தலையைக் குனிந்துகொண்டேன். பெஞ்ச் கிறீச்சிட்ட சத்தம் மட்டும் கேட்டது. அவன் எழுந்துவிட்டான்.

அந்த அம்மா நேராக நடந்து வந்து சாட்சிக் கூண்டில் ஏறினார். சனிக்கிழமை கிளம்பியது முதல் அக்கரையில் இறங்கியது வரை ஒரு திக்கல் இல்லாமல் சொன்னார். அரசு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு வந்தார்.

"இவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

"என் மிஷினை ரிப்பேர் பண்றவர்."

"மிஷின் ரிப்பேர் பண்றவர்கூடவா ஒரு பகல் முழுக்க ஆத்தங்கரையில உக்காந்திருந்தீங்க?"

"வெள்ளம் வடியணும்ல? நீந்திப் போகச் சொல்றீங்களா?"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார். அவர் வாயோரத்திலும் ஏதோ இருந்தது. பிறகு கோர்ட் குமாஸ்தா சாட்சியின் விலாசத்தைக் கேட்டார். நம் வக்கீல் பதறி எழுந்து, "ஐயா, சாட்சியின் பாதுகாப்புக்காக விலாசத்தைத் தனியாக எழுதிக் கொடுக்கிறோம்" என்றார். நீதிபதி சரி என்று தலையாட்டிவிட்டார்.

"வேண்டாங்கய்யா, சொல்லிடுறேன்" என்றார் அவர்.

சொன்னார், அக்கா. கடைப் பெயர், கதவு எண், தெரு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் என்பது வரை. குமாஸ்தாவைப் பார்த்துச் சொல்லவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "காலையில ஒன்பதுக்குத் திறப்போம். ஞாயிறு லீவு" என்றார். பத்து மாதமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றிய ஊர் பெயர். அதை அவர் கடை விளம்பரம் மாதிரிச் சொன்னார். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன. எனக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும்.

இறங்கி வெளியே போனார். அவனும் பின்னாலேயே போனான். என்னைப் போலீஸ்காரர்கள் அதே வராந்தா வழியாகத்தான் கூட்டிப்போனார்கள், கையில் விலங்கு. அவன் அவர் வழியை மறித்து நின்றான். "போதும். வீட்டுக்கு வா" என்றான்.

"வீட்டுல இருந்துதான் வந்திருக்கேன். அங்கதான் போறேன்."

கையை ஓங்கினான். அந்தக் கை எனக்குத் தெரியும், அக்கா. அது உடைத்த மிஷினையெல்லாம் சரி பண்ணினவன் நான். விலங்கை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தேன். எனக்கு முன்னால் வேறொருவர் போய் நடுவில் நின்றுவிட்டார். வாட்ச்மேன் மனைவி. அவ்வளவு சின்ன உருவம். அவன் மார்புக்குத்தான் வருவார்.

"அடிப்பியா? அடி. ஏற்கனவே ஒருத்தர் சாவுக்கு இங்க அலைஞ்சுக்கிட்டு இருக்கேன். உன் கேஸுக்கும் சேர்த்து வர்றேன்."

படகுக்காரரும் லாட்ஜ்காரரும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். என்னுடன் இருந்த போலீஸ்காரர், "என்னய்யா கோர்ட் வராந்தாவுல?" என்று அவன் தோளைப் பிடித்தார். அவன் சுற்றிப் பார்த்தான். வீட்டுக்குள் அவனை யாரும் பார்த்ததில்லை. இங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். அன்று சாயங்காலமே அவர் நம் வக்கீலிடம் விவாகரத்து மனுவும், அவன் கிட்டே வரக்கூடாது என்று தடை உத்தரவுக்கு இன்னொரு மனுவும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாராம்.

வாட்ச்மேன் மனைவி என் பக்கம் திரும்பினார். "தம்பி, பத்து மாசமா தினமும் உங்களைத் திட்டிக்கிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். இனிமே யாரைத் திட்டுறதுன்னு தெரியல" என்றார். "கண்டுபிடிப்பாங்கம்மா" என்றேன். அவர் என் விலங்கை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

சாட்சி சொன்ன அந்த அம்மா என்னிடம் பேசவே இல்லை. போகும்போது ஒரு பார்வை. கோபமா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க எனக்கு இருபது வருட அனுபவம் இல்லை. நான் அவரைக் கேட்காமல் அவருக்காக முடிவெடுத்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். இப்போது போய் நிற்க எனக்கு முகம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள், ஒரு மன்னிப்புக் கடிதம் போடட்டுமா?

பாபின்

&nbsp;

மே 5

தம்பி,

முதலில் முக்கியமானது. போலீஸ் கேஸைத் திரும்பத் திறந்தது. பின்கதவுத் தாழ்ப்பாள் பற்றித் தெரிந்த இன்னொருவன் பட்டறை மேஸ்திரி. அவன் மச்சான் வீட்டில் திருடு போன துணிக்கட்டுகளைப் பிடித்துவிட்டார்கள், அவனும் ஒத்துக்கொண்டான். வாட்ச்மேன் மனைவிக்கு நானே போய்ச் சொன்னேன். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். பிறகு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

நான் இன்னும் இங்கே கடையில்தான் இருக்கிறேன். சீருடையைச் சொன்ன நாளில் கொடுத்துவிட்டோம். என் மகள், "அம்மா, கேஸ் முடிஞ்சுதே, எப்ப வர்றே?" என்று கேட்டு எழுதுகிறாள். காஜா இப்போது நன்றாக வருகிறது. அதை விட்டுவிட்டு எப்படி வருவது? டிப்போக்காரன் இந்தப் பக்கம் வரவில்லை. வந்தாலும் எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் ஊரே அவனைப் பார்க்கும். தடை உத்தரவும் வந்துவிட்டது. அதைக் கண்ணாடி போட்டுப் பெயர்ப்பலகைக்குக் கீழேயே மாட்டிவிட்டாள்.

மன்னிப்புக் கடிதம் போடாதே. அவளுக்குக் கோபம் இருந்தால் அதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறவன்தான் ஆம்பிளை. மூன்றாவது மிஷின் இரண்டு நாளாக நூலை அறுக்கிறது. இந்த ஊரிலும் மெக்கானிக் இருக்கிறான். கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "கொஞ்சம் பொறுங்க" என்றாள். நேற்று மத்தியானம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "விடுதலை ஆனவருக்கு இந்த ஊருக்கு வழி தெரியாதாமா?" என்று கேட்டாள். கேட்ட உடனே நிமிர்ந்து, "நான் கேட்டேன்னு எழுதிடாதீங்க அக்கா" என்றாள்.

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே அவள் எதுவும் கேட்கவில்லை. வரும்போது நல்ல மிஷின் எண்ணெயாகப் பார்த்து வாங்கி வா. இங்கே கிடைப்பது தண்ணீர்.

அக்கா